ஆட்சேபணை உண்டு

மனிதர்களின் வெறுப்புக்கு அரசாங்கம் எண் கொடுக்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. அந்த எண்ணை வாசித்துச் சொல்வதுதான் என் உத்தியோகம். பாளையங்கோட்டையில் முன்பு மாட்டு ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடத்தில் இப்போது 'உளநிலை அளவை நிலையம்' என்று பலகை தொங்குகிறது. உள்ளே சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சங்கரகோமதி நான்தான். மார்க்கெட்டில் என்னைக் கண்டால் தெரிந்தவர்களே எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். மிஷின் இல்லாமலே, பார்த்த மாத்திரத்தில் அளந்துவிடுவேன் என்று அவர்களுக்குப் பயம். கத்திரிக்காய் விற்கிற அம்மாள் என்னிடம் பேரம் பேசுவதே இல்லை. கேட்ட விலைக்குக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

இந்த மிஷின் வந்த கதை சின்னதுதான். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது ஊர் இரண்டாகக் கிழிந்தது. எதிர்க்கிறவன் எல்லாம் வெறியன் என்று ஒரு பக்கம் கத்தியது. மனசாட்சிப்படி ஒரு வார்த்தை சொன்னால் வெறியன் பட்டமா என்று மறுபக்கம் கத்தியது. இரண்டு பக்கமும் கல்லெறிந்து, கடை உடைத்து, ஓய்ந்த பிறகு ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டியில் இருந்த புத்திசாலிகள், இதில் சண்டை எதற்கு, ஆளுக்கு ஆள் அளந்து பார்த்துவிடலாமே என்றார்கள். காழ்ப்பு மானி வந்தது. தலையில் ஒரு தொப்பி, விரலில் ஒரு கிளிப், கண்ணுக்கு எதிரே ஒரு கேமரா. அவ்வளவுதான் அதன் உடம்பு.

கல்யாணத்துக்கு மனுப் போட்டால் பெற்றவர்களுக்கு ஒரு கடிதம் போகும். அதில் 'ஆட்சேபணை உண்டு', 'ஆட்சேபணை இல்லை' என்று இரண்டு கட்டங்கள். 'உண்டு' என்று குறித்தவர் என் நாற்காலிக்கு வந்தாக வேண்டும். நான் பிள்ளையின் பெயரை வாசிப்பேன், படத்தைக் காட்டுவேன், குரலைக் கேட்கவைப்பேன். எண் அறுபதைத் தாண்டினால் சிவப்பு. முப்பதுக்குக் கீழே என்றால் பச்சை. இடையில் நின்றால் மஞ்சள், ஒரு மாதம் கழித்து மறுபடி வரவேண்டும்.

நான் நடுநிலையானவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என் அண்ணன் இன்னொரு ஆணோடு குடித்தனம் நடத்தினான் என்பதற்காக, எங்கள் சித்தப்பா மகன்கள் மூன்று பேர் ஆற்றுப் படித்துறையில் வைத்து அவன் தாடையை உடைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஆகவே இந்த நாற்காலியில் வந்து உட்காருகிற யாரைப் பார்த்தாலும் எனக்குள் ஒரு கசப்பு கிளம்பும். சிரித்துச் சிரித்துப் பேசிய ஒரு தாயார் எண்பத்தெட்டு காட்டியிருக்கிறார். மேஜையைக் குத்திக் கூச்சல் போட்ட ஒரு தகப்பனார் நாற்பதோடு நின்றிருக்கிறார். மூஞ்சியை நம்பாதே, எண்ணை நம்பு என்பதுதான் இந்த ஒன்பது வருடத்தில் நான் படித்த பாடம்.

ஞானசிகாமணி ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். அறுபத்தாறு வயது, வெள்ளைச் சட்டை, கையில் மடக்குக் குடை. நாசரேத் பக்கம் ஒரு சபையில் முப்பத்தொரு வருடம் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் பியூலாவும் அவள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற இசக்கிராணியும் அவருக்கு முன்பே வந்து முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பியூலா தரையைப் பார்த்துக்கொண்டாள். சம்மன் போன நாளிலிருந்து அளவை முடிகிறவரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, மிரட்டல் நடந்துவிடும் என்பது விதி. ஆனால் அவள் விதிக்காகத் தரையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கைகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்தாள். இசக்கிராணி அவள் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

உள்ளே வந்ததும் உபதேசியார் தொப்பியைப் பார்த்துவிட்டு, இது கரண்டு அடிக்குமா என்று கேட்டார். அடிக்காது என்றேன். இங்கே எல்லோருக்கும் பயம் வரும். பயம் முதல் தடவை எண்ணில் கலந்துவிடும் என்பதால்தான் இரண்டு முறை அளப்பது. முதல் அளவு பதிவாகாது, திரையில் எனக்கு மட்டும் தெரிந்து அழிந்துவிடும். மத்தியானம் எடுக்கிற இரண்டாவதுதான் அரசாங்கத்துக்கு. முதல் எண்ணை வெளியே சொன்னால் எனக்கு ஏழு வருடம் சிறை, அந்த அளவையும் செல்லாது.

முதல் அளவைத் தொடங்கினேன். "பியூலா ஞானசிகாமணி," என்று வாசித்தேன். எண் நகரவில்லை. இருவரும் சேர்ந்து எடுத்த படத்தைப் போட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த இசக்கிப் பிள்ளை மீன் கொழம்பு வச்சா வீடே மணக்கும்மா," என்றார். அளவையின்போது பேசக் கூடாது என்று அதட்டினேன். மகளின் குரலைப் போட்டேன், கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் திரையில் நின்ற எண் நான்கு.

நான்கு என்ற எண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. பெற்றவர்களுக்குப் பிள்ளைகள்மேல் சாதாரணமாக இருக்கிற எரிச்சலே பத்து, பன்னிரண்டு காட்டும். உண்மையைச் சொல்வதென்றால் எனக்குக் கோபம்தான் வந்தது. வெறுப்பு இல்லையென்றால் இந்தக் கிழவர் எதற்காக 'உண்டு' என்று குறித்துத் தொலைத்தார்? பச்சை என்றால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார், நிதானமாக, வெறுப்பே இல்லாமல் மகளின் வாழ்க்கையில் மண்ணைப் போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டாவது அளவுக்கு முன் விளைவுகளை வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. பக்கத்து அறையில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு வாசித்தேன். சிவப்பு வந்தால் ஆட்சேபணை தள்ளுபடியாகும், கல்யாணம் நடக்கும். ஆட்சேபித்தவர் பெயர் காழ்ப்பாளர் பட்டியலில் ஏறும். ஐந்து வருடம் அந்தத் தம்பதியை அவர் பார்க்கவோ பேசவோ கடிதம் போடவோ கூடாது. பச்சை வந்தால் அது நேர்மையான ஆட்சேபணை, சட்டம் அதற்கு மரியாதை கொடுக்கும். கல்யாணம் மூன்று வருடம் நிற்கும், மூன்று வருடம் முடிந்தால் மறுபடி ஆட்சேபிக்கலாம். அதுவரை இரண்டு பேரும் ஒரே விலாசத்தில் இருக்கக் கூடாது.

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரே விலாசத்துலன்னா?"

"ஆறு வருசமா ஒண்ணாத்தான இருக்காங்க. பச்சை வந்தா அடுத்த வாரமே இசக்கிராணி வீட்டைக் காலி பண்ணணும்."

"யாரு சொன்னா?"

"உங்களுக்கு வந்த கடிதத்துக்குப் பின்பக்கமே போட்டிருக்கு, அய்யா."

அவர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்து, பைபிளில் வைத்திருந்த தாளைப்போல் பத்திரமாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். பொடி எழுத்து. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் இறங்கிப்போனது.

அப்போதுதான் அந்த மனிதர் செய்த தப்பு எனக்குப் புரிந்தது. அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று கேட்பார்கள். முப்பத்தொரு வருடம் அந்த ஓலையை எழுதியும், சபையின் போதகரான ஐயர் இல்லாத நாளில் தானே வாசித்தும் பழகியவர் இவர். அங்கே யாராவது எழுந்து மனசுக்குச் சரியாகப்படவில்லை என்று சொன்னால், ஐயர் கேட்டுக்கொள்வார், கமிட்டியில் குறித்துக்கொள்வார்கள், கல்யாணம் பாட்டுக்கு நடக்கும். சொன்னவரும் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார். அரசாங்கக் கடிதத்தை அந்தப் பக்கத்து ஜனங்கள் 'சர்க்கார் ஓலை' என்றுதான் சொல்கிறார்கள். இவரும் அதை ஓலையாகவே எடுத்துக்கொண்டார்.

"ஆட்சேபணை இருக்கான்னு கேக்காங்க. இருக்குதவன் வாயை மூடிக்கிட்டு இருந்தா அது பொய்ச்சாட்சி. நான்தான அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்," என்றார். "இது எனக்கு வேதத்துப்படி சரின்னு படல. அதை எங்க கேட்டாலும் சொல்லுவேன். ஆனா தடுக்கணும்னு எவன் நெனைச்சான்? பியூலாட்ட சொல்லித்தான இருக்கேன். எனக்குச் சம்மதம் இல்ல, ஆனா பந்திக்கு வருவேன்னு. அவளும் சரிப்பான்னு சிரிச்சா."

சம்மன் போன பிறகு பியூலா அப்படி நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் கொடுத்த மனு என் கோப்பில் இருந்தது. என் தகப்பனார் என்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பிரிக்கப் பார்க்கிறார், அவரைக் கண்டு எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அதை அவரிடம் காட்ட எனக்கு அனுமதி இல்லை. இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் காட்டியிருக்க மாட்டேன்.

ஆட்சேபணையைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டார். பெறலாம், இரண்டாவது அளவு தொடங்குகிறவரை நேரம் இருக்கிறது என்றேன். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது. படிவத்தை எடுத்து முன்னால் வைத்தேன். பேனாவை வாங்கினார், முதல் வரியிலேயே நின்றுவிட்டார். 'மேற்படி விவாகத்திற்கு எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்றும், இதனை மனமார ஏற்கிறேன் என்றும் இறைவன் சாட்சியாக உறுதி கூறுகிறேன்' என்பது வாசகம்.

"இந்த மனமாரங்கிறதை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடலாமா?"

அடித்தால் படிவம் செல்லாது என்றேன். அப்படியானால் கீழே ஒரு வரி சேர்த்து எழுதட்டுமா, எனக்கு ஆட்சேபணை உண்டு, ஆனால் தடுக்க விருப்பம் இல்லை என்று, எனக் கேட்டார். அப்படி ஒரு கட்டம் கிடையாது. இருந்தும் மேலிடத்துக்குப் போன் போட்டேன். அங்கே பேசிய பெண் மூன்று முறை நான் சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு, எதிர்க்கிறார் என்றால் அளந்து பாருங்கள், எதிர்க்கவில்லை என்றால் கையெழுத்து வாங்குங்கள், நடுவில் என்ன மேடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஒன்பது வருடமாக நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அவரிடம் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அரசாங்க உத்தியோகஸ்தி ஒருத்தி செய்யக் கூடாத அளவுக்குக் கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தைதானே, உங்கள் சாமி இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்ளாதா என்றேன். அவர் பேனாவை மூன்று முறை தாளுக்குக் கொண்டுபோனார். மூன்றாவது முறை 'ஞா' என்று எழுதி, அதற்கு மேல் கை ஓடவில்லை. பேனாவை மூடி மேஜையில் வைத்தார். எனக்கு அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"என் பிள்ளைக்காக உயிரைக் குடுன்னா குடுத்துருவேன்," என்றார். "ஆண்டவரைச் சாட்சி வச்சு மனமாரன்னு எழுதுதது வேற. அதை எழுதிட்டா அப்புறம் நான் யாரு?"

மணி பன்னிரண்டரை. கேன்டீனிலிருந்து லெமன் சாதப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். அவர் பிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், சட்டென்று, சம்பந்தமே இல்லாததுபோல் கேட்டார். "எனக்குக் காலையில எத்தனை வந்துச்சு?"

"சொல்லக் கூடாது அய்யா."

"பச்சைதான?"

பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அந்த மிஷினு எதைப் பாத்து எண்ணு போடுது? என் பிள்ளையைத்தான் நான் நெனைக்கேன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

இதுதான் எங்கள் உத்தியோகத்தில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம். மானிக்கு வெறுப்பு தெரியும், யார்மேல் என்று தெரியாது. நாங்கள் ஒரு பெயரை வாசிக்கிறோம், கிளம்புகிற வெறுப்பு அந்தப் பெயர்மேல்தான் என்று வைத்துக்கொள்கிறோம். அதையும் அவரிடம் சொல்லக் கூடாது. நான் சொல்லவும் இல்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன், கோப்பை எடுத்து மறுபடி அடுக்கினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்று, ஓலை வாசித்த அந்த மனிதருக்குத் தெரியாதா?

"சிவப்பு வந்தா கல்யாணம் உறுதியா நடந்துருமா?" என்று கேட்டார்.

"நடந்துரும். ஆனா அந்தப் பிள்ளை என்ன நெனைக்கும்னு யோசிச்சீங்களா? அப்பாவுக்கு என்மேல இவ்வளவு வெறுப்பான்னு காலம் பூரா நெனைக்கும். உங்களால அது தப்புன்னு சொல்லக்கூட முடியாது. என்னாலயும் முடியாது, சொன்னா அளவை செல்லாது, கல்யாணமும் செல்லாது. கையெழுத்துப் போட்டா அது பொய்னு சொல்லுதீங்க, இது மட்டும் பொய் இல்லையா?"

"நான் ஒண்ணும் வாய் திறக்கலையேம்மா. மிஷின்தான சொல்லுது."

உபதேசியார் மூளை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கக்கூட முயன்றார், உதடு கோணிக்கொண்டு போனது. பயத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒன்றேகால் மணிக்கு இரண்டாவது அளவு. தொப்பியை மாட்டினேன். அளவை அறையில் எல்லாமே பதிவாகும், நான் ஒரு வார்த்தை அதிகம் பேசினாலும் மாட்டிக்கொள்வேன். "பியூலா ஞானசிகாமணி," என்று வாசித்தேன். எண் ஆறில் நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் நரம்பு புடைத்தது. எட்டு. மறுபடி ஆறு. வெறுக்கவே அந்த மனிதருக்கு வரவில்லை. படத்தைப் போட்டேன். ஐந்து. எனக்குள் ஒரு பாதி, இப்படியே பச்சையில் முடிந்துவிட்டால் இவர் மகளைப் பார்க்கவாவது செய்வார் என்று நினைத்தது. மறுபாதி முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களை நினைத்தது. எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

மகளின் குரலைப் போட்டபோது எண் கிளம்பியது. பதினெட்டு, முப்பத்தொன்று, ஐம்பது. இப்படி ஏறி நான் பார்த்ததில்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. காலையில் மீன் குழம்பு பற்றிப் பேசிய முகம் அங்கே இல்லை. பற்கள் தெரிந்தன. மூடிய கண்ணுக்குள் எதையோ பிடித்து நெரிப்பதுபோல் விரல்கள் மடங்கின. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது மனிதச் சத்தமாகவே இல்லை. குரல் பதிவு ஓடி முடிந்து அறை அமைதியான பிறகும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். படித்துறையில் அண்ணனை அடித்தவர்களிடம் நான் பார்த்த முகம் அதுதான். எண்பத்தாறில் மிஷின் மணி அடித்து நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

தொப்பியைக் கழற்றப் போனபோது என் கை அவர் நெற்றியில் பட்டது, நெருப்பாகக் கொதித்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்து அறைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். யாரை நினைத்தீர்கள் என்று கேட்கக் கூடாது, கேட்டேன்.

சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்குநேரிக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் அவருடைய மனைவி கிரேஸ்மேல் லாரியை ஏற்றிக் கொன்றவனை. குடித்திருந்தான், நிறுத்தாமல் போய்விட்டான். பிடிபட்டுத் தண்டனை முடிந்து வந்த பிறகு, சபைக் கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் இவர் அவன் கையைப் பிடித்து மன்னித்தேன் என்று சொல்லியிருக்கிறார். அது வெறும் வாய்ப்பேச்சில்லை, அந்தக் கையை நீட்ட ஆறு வருடம் ஜெபித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவன் வருடா வருடம் கிறிஸ்துமஸ் அன்று மனைவி மக்களோடு இவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறான்.

"உள்ள போயி அந்த மன்னிப்பைப் பிச்சு எறிஞ்சேன்," என்றார். "அவ ரோட்டுல கெடந்த கெடையை ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். இத்தனை வருசமா பாக்க மாட்டேன்னு வச்சிருந்தது. இப்ப மூட முடியலம்மா. இந்தக் கிறிஸ்மஸுக்கு அவன் வாசல்ல வந்து நிப்பான். நான் என்ன செஞ்சுருவேனோன்னு எனக்கே பயமா இருக்கு."

சிவப்பு வந்தவர்களைப் பின்வாசல் வழியாகத்தான் அனுப்பவேண்டும், முன்கூடத்தில் இருப்பவர்கள் கண்ணில் படக் கூடாது. விலக்கு ஆணையில் கையெழுத்து வாங்கினேன். அதில் தயங்காமல், முழுப் பெயரையும் போட்டார். ஒரு போலீஸ்காரர் வந்து அவரை வேனில் ஏற்றினார். ஏறும்போது அவர் திரும்பி, முன்கூடம் இருக்கிற பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அவ்வளவு பெரிய சுவர், அதில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

முகத்தைக் கழுவிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் பியூலா எழுந்துவிட்டாள். தாளைக் கொடுத்தேன். இசக்கிராணி எட்டிப் பார்த்து, சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நாம எங்கயும் போகாண்டாம்ட்டி, வீட்டைக் காலி பண்ணாண்டாம்," என்று பியூலாவைக் கட்டிக்கொண்டாள். பியூலா அழவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என் பேரை வாசிக்கையில அவரு மொகம் எப்பிடி இருந்துச்சு மேடம்?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தலைக்கு மேலே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் பெயரை வாசித்தபோது எண் எட்டுக்கு மேல் போகவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அளவை ரத்தாகி, திங்கட்கிழமை இந்த இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வீட்டில் இருப்பார்கள், அவர் அந்த நாற்காலியில் தொலைத்துவிட்டுப் போனதற்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

"பயமா இருந்துச்சும்மா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். தாளைத் திருப்பினாள். அவள் அப்பாவைப்போல் இல்லை, பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவள். விலக்கு ஐந்து வருடம், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் வாழ்நாள் முழுமைக்கும் நீட்டித்துக்கொள்ளலாம், கீழே கையொப்பமிடவும் என்று அங்கே ஒரு வரி உண்டு. பேனா கேட்டாள்.

"அவசரம் இல்ல. ஆறு மாசம் டைம் இருக்கு. வீட்டுக்குப் போயி நல்லா யோசிச்சுட்டு வாங்களேன்," என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மேடம்," என்று கையெழுத்துப் போட்டாள் பியூலா. "அதான் அளந்தே குடுத்துட்டீங்களே."

தாளை வாங்கி, தேதி போட்டு, முத்திரை குத்தினேன்.